பட்டுத்தாள் டைரி வழக்கு

துப்பறியும் ஹெஸ்டரின் வீட்டுக்குள் லின்னியா ஆஸ்ட்ரோம் வந்தபோது தியோ சுட்ட ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். லின்னியாவை மெல்பர்ன் முழுக்கத் தெரியும். ஸ்வீடனிலிருந்து வந்து, ஒரு சந்துக்கடையில் ஆரம்பித்து, பத்தே வருடத்தில் 'லில்லா' என்ற பெயரில் அறுபது எழுதுபொருள் கடைகள் திறந்தவர். வெளிர்நிற நோட்டு, அதற்கேற்ற பேனா, அதற்கேற்ற பெட்டி என்று ஊரையே மயக்கியவர். இப்போது மிஞ்சியவை ஒன்பது கடைகள்.

"துரோகம் மேடம்!" என்று ஹெஸ்டரின் மேசையில் ஒரு டைரியைப் போட்டார். "பத்தாயிரம் டைரி திரும்பி வந்திருக்கு. எழுதினா மை காயவே மாட்டேங்குது. எதிர்ப்பக்கம், சட்டைக் கை எல்லாம் அப்பிக்குது. நான் சரின்னு சொன்ன பட்டு மாதிரித் தாள் இது இல்ல. டெஸ்மண்ட் மட்டமான தாளை மாத்தி கமிஷன் அடிச்சுட்டான்."

டெஸ்மண்ட் டாஃபி அச்சு வேலைகளைப் பார்ப்பவர். முதல் கடைக்கு லின்னியாவோடு சேர்ந்து வண்ணம் அடித்த நண்பர். ஐந்து மணிக்கு அவர்மேல் போலீசில் புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னபோது லின்னியாவின் கண் கலங்கிவிட்டது.

தியோ ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். அண்ணன் மனைவி ஹெஸ்டர் துப்பறியக் கிளம்பினால் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது.

"அண்ணி, அந்த ஆள்தான்!"

"நீ இன்னும் அவரைப் பார்க்கவே இல்லையே."

"பார்த்தா இரக்கம் வந்துடும். அதான் முன்னாடியே சொல்லிடறேன்."

இருவரும் போய்ச் சேர்ந்த லில்லா அலுவலகத்தின் அலமாரிகளில் நானூறு நோட்டாவது இருக்கும். எல்லாம் உறை கலையாமல் வரிசையாக நின்றன. "குறிச்சுக்க ஒரு தாள் குடுங்க," என்றார் ஹெஸ்டர். வடிவமைப்பாளர் மூவரும் பையைத் துழாவினார்கள். ஒருத்தி பார்க்கிங் சீட்டை நீட்டினாள். இன்னொருத்தி காபிக்கடை ரசீதை நீட்டினாள். மூன்றாமவன் கைதுடைக்கும் காகிதத்தையே கொடுத்தான்.

"எதையோ மறைக்கிறாங்க அண்ணி," என்று தியோ காதைக் கடித்தார்.

டெஸ்மண்ட் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "மாத்தல மேடம். மாதிரியும் சரக்கும் ஒரே தாள்தான். நம்பினா நம்புங்க."

லின்னியா ஒப்புக்கொண்ட மாதிரி டைரி கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. ஹெஸ்டர் அதை எடுத்துப் பொறுமையாகப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது: 'அழகு!', 'என்ன வழவழப்பு!', 'சரி, லின்னியா'. கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டு ஒரு மைப்பேனாவைத் திறந்தார்.

"ஐயோ!" என்று மூன்று வடிவமைப்பாளர்களும் ஒரே குரலில் அலறினார்கள். லின்னியா அவர் கையையே பிடித்துவிட்டார். "மேடம், பாழாயிடும்!"

"டைரிம்மா. எழுதத்தானே?"

ஹெஸ்டர் தேதியை எழுதினார். ஐந்து நிமிடம் எல்லோரையும் காக்கவைத்துவிட்டு விரலால் இழுத்தார். நீலம் திங்கட்கிழமையில் புறப்பட்டு வியாழன்வரை போய்ச் சேர்ந்தது.

"தாளை யாரும் மாத்தல. இந்த வழவழப்புல மை ஊறாது," என்றார் நிதானமாக. "நானூறு நோட்டு இருக்கிற ஆபீஸ்ல எனக்குக் கிடைச்சது பார்க்கிங் சீட்டு. அப்பவே பொறி தட்டுச்சு. நீங்க இந்தத் தாளைப் பார்த்தீங்க, தடவினீங்க, மோந்துகூடப் பார்த்திருப்பீங்க. எழுத மட்டும் ஒருத்தருக்கும் மனசு வரல. கருத்தைக்கூடத் துண்டுச்சீட்டுல எழுதி ஒட்டியிருக்கீங்க. டைரியில முதல்முதலா எழுதினது, காசு குடுத்து வாங்கினவங்கதான்."

தியோ டெஸ்மண்டிடம் திரும்பினார். "நீங்களாவது எழுதிப் பார்த்திருக்கலாமே சார்?"

டெஸ்மண்ட் தலை குனிந்தார். "பேனாவை எடுத்தேன். மூடி வெச்சுட்டேன். அவ்வளவு அழகா இருந்துச்சு."

உண்மை தெரிந்ததால் லில்லா பிழைத்துவிடவில்லை. இரண்டே மாதத்தில் ஒன்பது கடைகளுக்கும் பூட்டு விழுந்தது. ஆனால் அன்று மணி ஐந்து அடிப்பதற்குள் லின்னியா புகாரை நாலாகக் கிழித்துப் போட்டார்.

"மன்னிச்சுடு டெஸ்மண்ட். உன்னைத் திருடன்னு சொல்லிட்டேன்."

"வாயால சொன்னா எடுத்துக்க மாட்டேன். எழுதிக் குடு," என்று டெஸ்மண்ட் அந்த மாதிரி டைரியை அவர் பக்கம் தள்ளினார். "காயற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்."

லின்னியா எழுதினார், பக்கம் நிறைய. இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து, மாற்றி மாற்றி அதை ஊதிக்கொண்டிருந்தார்கள்.