மேற்குக் கரையிலிருந்து வந்தது

பக்தவத்சலம் சைக்கிளைப் பந்தல்காலில் சாய்த்துவிட்டு அங்கேயே நின்றார். பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிய சின்ன ஓட்டு வீடு. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. உறவுக்காரர்கள் நாளைக்குத்தான் வருவார்கள். மதியம் மூன்று மணி வெயிலில் புதுக்கீற்றின் வாசனை கிறக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கையில் ஒரு பழுப்பு உறை. அதற்குள் இருந்த புகைப்படத்தைப் பற்றித்தான் சொல்ல வந்திருந்தார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

அது எண்பத்தொன்பதாம் வருஷம். ஆவடித் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் அவருக்கு வேலை. யுத்தகாலத்தில் இந்தப் பக்கம் முகாமிட்டிருந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், தள்ளாத வயதில் பதினான்கு புகைப்படங்களை அனுப்பி, இவையெல்லாம் எந்த இடங்கள் என்று கேட்டிருந்தார். மேலதிகாரி அந்தப் படங்களை பக்தவத்சலத்தின் மேசையில் போட்டுவிட்டார். மரம் போய்விடும், கட்டடம் போய்விடும். ஏரிக்கரையும் மதகும் அவ்வளவு சுலபத்தில் போகாது. அவற்றைப் பிடித்துக்கொண்டு, படம் எடுத்தவன் நின்ற இடத்தில் போய் நிற்பதுதான் அவர் முறை.

அந்தப் பிரிவைப் பெருக்க வரும் பொன்னியம்மா ஒருநாள் மேசையருகே துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். படத்தில், வெட்டிய பள்ளத்தின் அருகே மண்கூடையோடு ஏழு பெண்கள்.

"மூணாவதா நிக்கிறது எங்கம்மா சார்."

அவள் அம்மா நாகம்மா, நாற்பத்து மூன்றாம் வருஷம் பட்டாளத்துக்குப் பள்ளம் வெட்டப் போனவள். மழையில் மண் சரிந்து உள்ளேயே போனாள். உடலை எடுக்கவில்லை, இடத்தையும் யாரும் சொல்லவில்லை. சுமங்கலியாகச் செத்தவளைக் கல்யாணத்துக்கு முன்னால் நீர்க்கரையிலிருந்து கரகத்தில் அழைத்து வந்து, பூவாடைக்காரி என்று வீட்டில் வைத்துப் புடவை சாத்துவது அவர்கள் வழக்கம். பொன்னியம்மாவின் மூத்த மகள் கல்யாணத்தின்போது இடம் தெரியாமல் கிணற்றடியில் அழைத்தார்கள். யாரும் வரவில்லை. அந்தப் பெண் ஆறாம் மாதம் இறந்துபோனாள். இப்போது இளையவள் வடிவுக்குக் கல்யாணம்.

படத்தில், வடக்கே மதகைப் பார்த்து நின்றால் ஏரி வலப்பக்கம் இருந்தது. மேற்குக் கரைதான் என்று பக்தவத்சலம் அடித்துச் சொன்னார். போன வெள்ளிக்கிழமை அங்கே அழைத்தார்கள். கரகம் வீட்டுக்கு வந்தது.

நேற்றுத்தான் அவர் கண்ணில் அது பட்டது. ஏழு பெண்களுக்கும் முந்தானை, வழக்கத்துக்கு மாறாக, வலது தோளில் கிடந்தது.

நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்திருக்கிறார்கள்.

கிழக்குக் கரை.

"இன்னா சார், வாசல்லயே நின்னுகினு கீறீங்க? மாப்ள ஊட்டுக்காரங்க மாதிரி." பொன்னியம்மா வெளியே வந்தாள். பல வருஷமாக அவர் பார்த்திராத சிரிப்பு. "அம்மா வந்துட்டா சார். எல்லாம் உங்க புண்ணியம்."

உள்ளறையில் விளக்கெரிந்தது. கரகத்தைச் சுற்றி மல்லிகை. முன்னால் மடித்த மஞ்சள் புடவை. மல்லிகைக்கும் மஞ்சளுக்கும் அடியில் வேறொரு வாடை இருந்தது. வருஷக்கணக்காகத் தண்ணீரில் ஊறிய தோலின் வாடை. வடிவு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அந்த அறைக்கே திரும்பிப் போனாள்.

"அம்மா ஏதாவது பேசினாங்களா?" என்று கேட்டார்.

"பேசுச்சே. வடிவு மேல வந்து ரொம்ப நேரம். ஒரு வார்த்த புரியல. நாப்பத்தாறு வருசம் கயிச்சு வருது, சந்தோசத்துல நாக்கு கொழறாதா?"

அவர் எழுந்து பந்தலுக்கு வந்தார். கரகம் அழைத்த உடுக்கைக்காரன் வேம்புலி அங்கே பீடி பிடித்துக்கொண்டிருந்தான். சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சார், அது ஆம்பளக் கொரலு."

"என்ன பாஷை?"

"நான் கேட்டதே இல்ல. மொதல்ல அழுதுச்சு. அப்பால சிரிச்சுது."

"பொன்னியம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"கல்யாண ஊட்ல இன்னான்னு சொல்றது?" வேம்புலி பீடியை மண்ணில் அழுத்தினான். "எடம் காட்னது நீங்கதான?"

பக்தவத்சலம் உள்ளே போய், படத்தைக் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னார். பொன்னியம்மா கத்தவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உள்ள கீறது யாரு சார்?"

பொன்னியம்மா படத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"சரி. எங்கம்மாவக் கூட்டியாரலாம். அது வந்து பாத்துக்கும்."

ஐந்து மணிக்கு நான்கு பேரும் கிழக்குக் கரையில் இருந்தார்கள். பக்தவத்சலம் படத்தை முகத்துக்கு நேரே பிடித்து, மனசுக்குள் அதைத் திருப்பிப் போட்டு, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினார். மதகும் கரையின் வளைவும் வந்து பொருந்தின. எதிரே நிலம் நீளவாக்கில் லேசாக உள்வாங்கியிருந்தது.

உடுக்கை ஒலித்தது. வடிவு புதுக்கரகத்தோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் தோள்கள் குலுங்கின.

"யாரு வந்துகீறது?" என்றான் வேம்புலி.

"சின்னபாப்பா..."

பொன்னியம்மா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெயரால் அவளை அழைத்தவள் ஒருத்திதான்.

"வாம்மா. ஊட்டுக்குப் போலாம். பொடவ வாங்கி வெச்சிகீறேன்."

உடுக்கை நின்றது. ஏரியில் ஓர் அலைகூட இல்லை.

"வர மாட்டேன்."

"ஏம்மா?"

"உள்ள ஒருத்தன் குந்திகினு கீறான்."

வடிவின் தலை தொய்ந்தது. கரகம் கைநழுவித் தண்ணீருக்குள் போனது. வேம்புலி அவளைத் தாங்கிக் கரையில் உட்காரவைத்தான். கொஞ்ச நேரத்தில் அவள் கண் விழித்தாள். ஈரத் தலையைப் பிழிந்துகொண்டாள். குரல் அவளுடையதாகவே இருந்தது.

"இங்க இன்னாம்மா பண்றோம்? வா போலாம். ஊட்லேர்ந்து அப்பலேர்ந்து என்னக் கூப்டுகினே கீறாங்க."

பொன்னியம்மாவின் கை மெல்லத் தன் இடுப்புக்குப் போனது. யாருமில்லாமல் பூட்டிவந்த வீட்டின் சாவி அங்கேயே இருந்தது.