பிரகாசத்தின் பயம்

பிரகாசத்துக்கு வந்திருக்க வேண்டிய பயம், அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும்போது அவர் மனைவி ஜெசிந்தாவுக்கு வந்தது. நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது. கரண்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பிரகாசம் ஹாலில் நிம்மதியாகக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரடைப்பிலிருந்து மீண்டவர்களின் இதயத்தைப் பதற்றம் மறுபடி சிதைத்துவிடக் கூடாது என்பதற்காக வந்தது பதற்றமாற்றி. நோயாளியின் கழுத்தில் ஒரு வில்லை, நல்ல இதயமுள்ள ஒருவரின் கழுத்தில் இன்னொன்று. நோயாளிக்குள் எழும் திகிலை முதல் வில்லை உறிஞ்சி அடுத்ததுக்கு அனுப்பிவிடும். அதை வாங்கிக்கொள்பவருக்குத் தாங்கி என்று பெயர். தூத்துக்குடியில் தாங்கிகளாக இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மனைவிமார்.

பயம் போனதும் பிரகாசம் மாத்திரைகளை மறந்தார். விட்ட சிகரெட்டைத் திரும்பத் தொட்டார். ஜெசிந்தா கெஞ்சினால், "நீ ஏன் சும்மா பயப்படுற?" என்று கேட்டார்.

ஒருநாள் மாலை அவளுடைய இடது கை மரத்தது. தாடை வரை வலித்தது.

"என்னங்க, இது உங்களோடது இல்ல, என்னோடது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

பிரகாசம் திரும்பிப் பார்த்தார். "வழக்கமா வர்றதுதான். போயிரும்."

அவர் பார்த்த அதே நொடியில் இன்னொரு அலை அவள் நெஞ்சில் மோதியது. சாய்ந்துவிட்டாள். கல்லூரியிலிருந்து வந்த மகள் ஷெரின்தான் ஆம்புலன்ஸை வரவழைத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கோமதி இரண்டு வில்லைகளையும் சோதித்துவிட்டு ஜெசிந்தாவிடம் சொன்னார். "நீங்க விழுந்தப்பதான் சாரோட வில்லை ரொம்ப அதிகமா அனுப்பியிருக்கு. உங்களைப் பார்த்து பயந்திருக்கார். அது அவருக்கே தெரியறதுக்குள்ள உங்களுக்கு வந்துருச்சு. அதுல உங்க இதயம் இன்னும் கெட்டுப்போச்சு."

"எனக்காக அவர் பயந்ததையும் நான்தான் பயப்படணுமா டாக்டர்?"

டாக்டர் அவளுடைய ரிப்போர்ட்டைப் புரட்டினார். "இனிமே உங்களால தாங்க முடியாது. உங்களுக்கே தாங்கி வேணும். ரெண்டு பேருக்கும் சேர்த்து உங்க பொண்ணுக்குப் பொருத்திரலாம். சின்ன வயசு."

"ஷெரின் தாங்குவா," என்றார் பிரகாசம், கடைக்குப் போகச் சொல்வதுபோல. ஷெரின் அதற்குள் கழுத்திலிருந்து முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் ஜெசிந்தாவுக்கு மூண்ட கோபம் எந்த வில்லை வழியாகவும் வந்ததல்ல.

"முடியை விடுடி," என்றாள் மகளிடம். தன் வில்லையைப் பிய்த்துக் கீழே எறிந்தாள். கணவனிடம், "நீங்களும் கழட்டுங்க," என்றாள்.

"அவர் இதயம் தாங்காதும்மா," என்றார் டாக்டர்.

"என்னோடது தாங்குச்சா?"

பிரகாசம் சிரித்துக்கொண்டே கழற்றினார். அதற்குப் பயப்படவும் அவருக்குத் தெரியவில்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. முகம் வியர்த்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் மூக்கிலிருந்த குழாயையும் மார்பில் ஒட்டியிருந்த கம்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் அவர் நாடியைப் பிடித்தார்.

"ஜெசி," என்றார். "உனக்கு என்ன ஆச்சு?"

நேற்று மாலையிலிருந்து அவள் அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.