கரிக்குத் துணையாக வந்தவர்

மழைக்கு ஒதுங்க வந்ததா, உயிருக்குப் பயந்து வந்ததா... ஒரு கறுப்பு நாய் இஸ்திரிக் கடைக்குள் பாய்ந்து, மேசைக்கு நேராக நின்று, உடம்பை ஓர் உதறு உதறியது. மடித்து அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டை அத்தனையிலும் சேறு!

“அடப் பாவி! காலையிலேர்ந்து தேய்ச்சதுடா!”

இஸ்திரிப் பெட்டியும் கையுமாக அவள் கத்தினாள். வாசலில் அந்தத் தெரு நாய்கள் கூட்டமாக நின்று குரைத்தன. அவற்றை இரும்புக் கம்பியால் தரையில் தட்டி விரட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒருவன் வந்து நின்றான். நெருப்பைப் பார்த்துப் பார்த்துச் சிவந்த கண்கள். அந்தச் சிவப்புக்குள்ளே எவ்வளவு சாந்தம்...

“மன்னிச்சுக்குங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் வெல்டிங் பட்டறை என்னுது. இவன் பேரு கரி. தெரு மாறி வந்துட்டான்.”

“வந்தது சரி. என் சட்டையெல்லாம் யாரு துவைக்கிறது?”

“நான் துவைச்சுத் தரேன்.”

“நீங்க தொட்டா சேறு போயி கிரீஸ் வந்துடும். சும்மா இருங்க.”

அவன் சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து விழுங்கினாள்.

அப்போதுதான் மேசைக்கடியில் படுத்திருந்த அவளுடைய நாய் எழுந்தது. கஞ்சி போட்ட துணி மாதிரி காது விறைத்து நிற்கும்; அதனால் பேரே கஞ்சி. வேற்று நாயைக் கண்டால் குதறிவிடும். ‘போச்சு, இன்னைக்கு ரத்தம்தான்’ என்று அவள் பதறினாள். கஞ்சி மெல்லப் போனது... மோந்தது... கரியின் காதில் கடிபட்ட இடத்தை நக்கிவிட்டது. கரி கண்ணை மூடிக்கொண்டது.

மனிதர்கள் இருவரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

மறுநாள் சாயங்காலம் அவன் மறுபடி வந்து நின்றான். கையில் கம்பி, பக்கத்தில் கரி.

“துணைக்கு வந்தேங்க. இங்க வரணும்னு ஒரே அடம். தனியா விட்டா உங்க தெரு நாய்ங்க கிழிச்சுப் போட்டுடும்.”

தெரு நாய்களுக்குள் அப்படித்தான். அந்தச் சின்னப் பாலம்தான் எல்லை. இந்தப் பக்கத்து நாய் அந்தப் பக்கம் போனால் கடி, அந்தப் பக்கத்து நாய் இங்கே வந்தாலும் கடி.

அன்றிலிருந்து தினமும் வந்தான். கடைப் படியில் அரை மணி நேரம் உட்காருவான். கரி எங்கிருந்தோ ரொட்டி திருடிக்கொண்டு வரும். கஞ்சியின் முன்னால் வைத்துவிட்டு, எச்சிலை விழுங்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். கஞ்சி பாதியைத் தின்றுவிட்டு மீதியை மூக்கால் தள்ளிவிடும்.

“உங்க ஆளு பரவாயில்ல. கொண்டுவந்து கொடுக்கிறான்,” என்பாள் இவள்.

“உங்க பொண்ணு மட்டும் என்ன... பங்கு வைக்கிறாளே,” என்பான் அவன்.

சம்பந்தி வீட்டுப் பேச்சுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ஒரு நாள் காலை. கதவைத் திறந்தால் கரி உட்கார்ந்திருக்கிறது. தன்னந்தனியாக! தெருவின் பெரிய பழுப்பு நாய் ஒற்றைக் கண்ணைத் திறந்து கரியைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனது. எப்போது ராசியானதுகளோ! மத்தியானம் கரி கிளம்பிப் போனது. சாயங்காலம் எஜமானோடு வந்து, அன்றைக்குத்தான் புதிதாகக் கஞ்சியைப் பார்ப்பது போல வாலை ஆட்டியது. அதற்கப்புறம் தினமும் இதே கூத்து.

அவனிடம் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நாய் தனியாக வருமென்றால் மனிதனுக்கு இங்கே என்ன வேலை? அப்புறம் ஏன் வருவான்? அண்ணன் வீட்டில் விழித்து, அண்ணன் கடையில் நின்று, நாளெல்லாம் சூட்டிலும் ஆவியிலும் வேகிறவளுக்கு அந்த அரை மணிதான் காற்று.

“அந்தப் பழுப்பு நாய் நேத்துகூட முறைச்சுதுங்க. நீங்க கூட வர்றதுதான் நல்லது,” என்று கூசாமல் பொய் சொன்னாள்.

கடைசியில் போட்டுடைத்தது அண்ணி. கடை நிறைய ஆட்கள் இருந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தாள்.

“ஏன் தம்பி, உங்க கரி தினம் காலையில தானா வந்து இங்கதான் கிடக்கு. எங்க தெரு நாயெல்லாம் அதுக்கு மச்சான் முறை ஆயாச்சு. நீங்க எதுக்குக் கம்பியைத் தூக்கிக்கிட்டு அலையறீங்க?”

கடையே சிரித்தது. அவன் முகம் கறுத்தது. அவளைப் பார்த்தான். அவள் பார்வை தரைக்குப் போயிற்று... அவ்வளவுதான். “வாடா கரி” என்று எழுந்து போனவன்தான். அவனும் வரவில்லை, கரியும் வரவில்லை. கரியைக் கட்டிப்போட்டுவிட்டான் என்று பேச்சு.

கஞ்சி சோற்றில் வாய் வைக்கவில்லை. இவள் ஒரு காலரைக் கருக்கினாள்.

“விளையாட்டுக்குச் சொன்னேன்டி. போய்ப் பேசிட்டு வாயேன்,” என்றாள் அண்ணி.

“எதுக்கு அண்ணி? அவரா வந்தாரு, அவராவே போனாரு. வேணும்னா வரட்டும்.”

அன்று பகலில் கஞ்சி பாலத்துக்கு ஓடியது. அந்தப் பக்கத்து நாய்கள் விரட்டின. திரும்பி வந்தது. மறுபடி ஓடியது. முன்காலில் ரத்தத்தோடு வந்து, மூன்றாம் தடவையும் பாலத்தைப் பார்த்தே நின்றது.

அவளுக்குச் சுரீர் என்றது. வாயில்லாத ஜீவன் கடிபட்டாலும் போகிறது. வாயிருக்கிற நான்...?

பெட்டியை அணைத்தாள். துணி மாட்டும் கொக்கிக் கம்பை எடுத்தாள். “வாடி போகலாம்!”

பாலம் தாண்டியதும் நாய்கள் சூழ்ந்தன. கம்பை ஓங்கித் தட்டி நடந்தாள். டீக்கடையில் கிளாஸ்கள் பாதியில் நின்றன. தெருவே பார்த்தது. பார்க்கட்டும்!

பட்டறையில் தீப்பொறி நின்றது. அவன் முகமூடியைத் தூக்கினான். கஞ்சி நேராக, கட்டிப்போட்டிருந்த கரியிடம் ஓடி, அதன் கழுத்தில் தலையைச் சாய்த்தது.

“நாய்க்குத் துணையா வந்தேன்,” என்றாள். உடனே தலையை ஆட்டினாள். “இல்ல, பொய். எனக்காகத்தான் வந்தேன். கரி தனியா வர்றது எனக்கு முன்னாடியே தெரியும். சொன்னா நீங்க வரமாட்டீங்களேன்னு மறைச்சேன். உங்களை வச்சுச் சிரிக்கலை... சத்தியமா.”

அவன் கயிற்றை அவிழ்த்தான். குனிந்தபடியே சொன்னான்.

“எனக்கும் தெரியும்.”

“என்னது!”

“மத்தியானம் வர்றப்போ இவன் முதுகு பூரா கஞ்சியோட வெள்ளை முடி. அதைத் தட்டிவிட்டுட்டுத்தான் சாயங்காலம் கூட்டிட்டு வருவேன்... உங்க கண்ணுல பட்டுடக் கூடாதேன்னு.”

“அடக் கள்ளா! அப்புறம் ஏன் ஓடினீங்க?”

“சாக்கு போச்சே. சாக்கில்லாம உங்க முன்னாடி வந்து நிக்க... தைரியம் வரலை.”

சிவந்த அந்தக் கண்களில் தண்ணீர் மின்னியது. அவள் சிரித்தாள். விழுங்காமல், தெருவுக்கே கேட்கச் சிரித்தாள்.

“நாளைக்கு நாயை இங்கயே விட்டுட்டு வாங்க. யாரைப் பார்க்க வந்தீங்கன்னு எங்க அண்ணிகிட்ட நேரா சொல்லுங்க.”

“நாளைக்கு எதுக்கு?”

கையைத் துடைத்தான். இருவரும் வெறுங்கையோடு பாலம் தாண்டினார்கள். பட்டறையில் கரியும் கஞ்சியும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடை நிறைய ஆட்கள். அவன் வாசலில் நிமிர்ந்து நின்றான்.

“அக்கா, நான் உங்க நாத்தனாரைப் பார்க்கத்தான் வந்தேன். தினமும் அதுக்குத்தான் வந்தேன். கட்டிக்கிறதுன்னா இவங்களைத்தான்.”

அண்ணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். நாத்தனாரின் முகத்தையும் பார்த்தாள்.

“அப்ப வாசல்ல என்ன வேலை? உள்ள வாங்க தம்பி.”