ஒருபக்கம் ஒதுங்கிய ஜெல்லி

முடியில் மாவு ஒட்டியிருந்தால் எனக்கு வயது கூடித் தெரிகிறது. இவளுக்கு மட்டும் எப்படிக் குறைகிறது? என் சமையலறைக்கே வந்து, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுகிறாள். அழட்டும்.

நினைத்து முடிப்பதற்குள் மேவிஸ் ஹாஸ்லமுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. எழுந்துபோய்க் கெட்டிலைக் கரியடுப்பின்மேல் வைத்தாள். அடுப்பு பளபளவென்றிருந்தது. நேற்றுத்தான், எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் அதன் கீழறையில் வட்டமாகப் படிந்திருந்த கொழுப்பைச் சுரண்டித் துடைத்தாள்.

வந்திருந்தவள் ஐவி கிராண்ட். கணவன் இறந்தபின் ஹோல்ட்பியில் இறைச்சிக் கடையைத் தனியாக நடத்துபவள். மாவு ஓட்டுக்குள் பன்றிக்கறியை அடைத்துச் சுட்டு, ஆறவைத்துத் தின்னும் போர்க் பைதான் அந்தக் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது. ஊரில் எது காணாமல் போனாலும், எது புரியாமல் போனாலும், எல்லோரும் மேவிஸிடம்தான் வருவார்கள்.

"பத்துக்கு மூணு மார்க், மேவிஸ்! புருஷன் போனதோட கைப்பக்குவமும் போயிடுச்சுன்னு என் கடைவாசல்லயே நின்னு பேசறாங்க. கிறிஸ்துமஸ் காலையில என் போர்க் பை இல்லாம இந்த ஊர் சாப்பிட்டதில்ல. இந்த வருஷம் இன்னும் ஒருத்தர்கூடச் சொல்லி வைக்கல. இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்."

"யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க, கண்டுபிடிச்சே ஆகணும்!" என்றான் லென். மேவிஸின் கணவன். மனைவி துப்பு விசாரிக்கும்போதெல்லாம் அவளைவிட அவனுக்குத்தான் பரபரப்பு. இன்று கொஞ்சம் அதிகம்.

ஹோல்ட்பி சைக்கிள் சங்கத்தின் வழக்கம் ஊரறிந்தது. சனிக்கிழமை மாலை, ஆளுக்கொரு கடையிலிருந்து ஒரு போர்க் பை வாங்கி வீட்டில் வைத்திருப்பார்கள். ஞாயிறு காலை அதைச் சைக்கிளில் கொண்டுபோய், குன்றின்மேல் இருக்கும் மதுக்கடையில் ஆறியபடியே வெட்டி, ருசித்து மார்க் போடுவார்கள். பருவத்தின் கடைசி ஞாயிறன்று முதலிடம் பெறும் கடைக்காரருக்கு, வசந்த விருந்தில் சங்கச் செயலாளர் சிரில் பெக்கின் பக்கத்து நாற்காலி; இதுவரை அது ஐவிக்குத்தான் கிடைத்து வந்தது. அந்தக் கடைசி ஞாயிறுதான் முந்தாநாள். மேவிஸும் லென்னும் சங்கத்தோடு போயிருந்தார்கள்; ஐவியின் போர்க் பையைச் சுமந்தவன் லென்.

அந்த ஞாயிறு காலையை மேவிஸ் இரண்டு நாளாக மனதுக்குள் பொத்தி வைத்திருந்தாள். லென் அவளுக்கு முன்பே எழுந்து, மாடிக்குத் தேநீர் கொண்டுவந்தான். 'நீ படுத்திரு கண்ணு, கீழே ஒரே குளிர்' என்றான். கல்யாணமான புதிதில்கூட அவன் அப்படிச் செய்ததில்லை.

"அதோட சேர்த்துச் சுட்ட இன்னொண்ணு கொண்டுவந்திருக்கேன்," என்று ஐவி காகிதத்தைப் பிரித்தாள்.

மேவிஸ் அதை இரண்டாக வெட்டினாள். சாம்பல் நிறக் கறியைச் சுற்றி, மேலோட்டுக்கு அடியில், எலும்புச் சாற்று ஜெல்லி எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக உறைந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை வெட்டினது இப்படி இல்ல. ஜெல்லி மொத்தமும் ஒரு பக்கச் சுவரோட ஒட்டி, பிறை மாதிரி இருந்தது. மறுபக்கம் வறண்டு கிடந்தது. ஒரு தடவை உருகி, பக்கவாட்டுல நின்னு, மறுபடி உறைஞ்சிருக்கு," என்றாள் மேவிஸ்.

"சிரில்தான்!" லென் மேசையைத் தட்டினான். "மதுக்கடையில நாம கை கழுவப் போனப்போ, கணப்புக்குப் பக்கத்துல அவன் மட்டும்தான் இருந்தான். அங்கே வச்சு உருக்கிட்டான்."

"அவரு எதுக்கு அப்படிப் பண்ணணும்?" என்றாள் ஐவி.

"அவனை உனக்குத் தெரியாது. போன விருந்துல ராத்திரி பூரா உன் நாற்காலி முதுகுமேல கையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தானே! சூப்பு வந்தப்போ எடுத்தான், மறுபடி போட்டுக்கிட்டான்."

ஐவி சிவந்துபோனாள். மேவிஸ் கத்தியைத் துடைத்தாள். நானும் அந்த விருந்தில் இருந்தேன். என் நாற்காலிமேல் கை இருந்ததா இல்லையா என்று இவனால் சொல்ல முடியுமா?

"கணப்பு உருக்கும், லென். ஆனா உறைய வைக்காது. கை கழுவிட்டு வந்த உடனே வெட்டினோம். ஜெல்லி கெட்டியா இருந்தது. அப்போ வழியிலதான் உறைஞ்சிருக்கணும். ஒரு மணி நேரம் உறைபனியில சைக்கிள் மிதிச்சோமே, அதுல. அதுக்கு முன்னாடியே உருகியிருக்கு." அவள் ஐவியின் பக்கம் திரும்பினாள். "சனிக்கிழமை கடையை விட்டுப் போறப்போ எப்படி இருந்தது?"

"கல்லு மாதிரி. குலுக்கிப் பார்த்துட்டுத்தானே லென் வாங்கிட்டுப் போனாரு."

மேவிஸின் கண் கதவுக்குப் பின்னால் தொங்கிய சைக்கிள் சஞ்சிக்குப் போனது. மற்றவர்களுக்கெல்லாம் பிரம்புக் கூடை. போர்க் பை தட்டையாகப் படுத்துக்கொள்ளும். லென்னின் தோல்சஞ்சி ஒடுக்கமானது. அதில் செங்குத்தாகத்தான் நிற்கும். ஜெல்லி இறுகியிருந்தால் அதனால் ஒன்றும் ஆகாது.

கடைக்கும் சஞ்சிக்கும் நடுவில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. இந்த வீடு.

கெட்டில் கூவியது. அவள் அடுப்பின் கீழறைக் கதவைப் பார்த்தாள். நேற்று அந்தக் கொழுப்பு வளையத்தை, பன்றிக்கறி வறுத்தபோது சிந்தியது என்று நினைத்துச் சுரண்டியிருந்தாள். உள்ளங்கை அகல வளையம், போர்க் பையின் அடிப்பாகத்துக்குச் சரியாக. கீழே ஒரே குளிர், நீ படுத்திரு கண்ணு.

"ஐவி, முன்னறையில கணப்பு எரியுது. போய் உக்காரு. தேநீர் வரும்."

ஐவி போனதும் மேவிஸ் மெதுவாகச் சொன்னாள்: "இந்த ஊர்ல பொறந்த எவனும் போர்க் பையைச் சூடு பண்ண மாட்டான், லென். கெடுக்கணும்னு நினைச்சாத் தவிர."

லென் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கொஞ்ச நேரம்தான் வச்சேன். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் அவ அவன் பக்கத்துல உக்காராம இருந்தாப் போதும்னு... கடை படுத்துடும்னு நான் நினைக்கல, மேவிஸ். சத்தியமா."

தனக்காக அவன் ஒருநாளும் இப்படிக் கெட்டவனானதில்லை. முதலில் அவளுக்குத் தோன்றியது அதுதான். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தபோதும் அது ஐவியிடம் போகவில்லை. ஒன்றும் அறியாமல் முன்னறையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பவளிடம் அது எப்படிப் போகும்?

"அவகிட்ட சிரில்னே சொல்லிடு," லென்னின் குரல் தணிந்தது. "இல்லேன்னா ஏதோ தற்செயலா நடந்ததுன்னு சொல்லு. நீ சொன்னா ஊரே நம்பும். அவ கடையும் பிழைச்சுக்கும். நம்ம வீட்டு மானமும் போகாது. எனக்காகச் சொல்லேன், கண்ணு."

மேவிஸ் தட்டில் கோப்பைகளை அடுக்கினாள். இரண்டு. தேநீரை ஊற்றினாள். வெட்டிய போர்க் பையின் பாதியையும் பக்கத்தில் வைத்தாள். தட்டைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"இல்ல, லென்," என்றாள். "நான் சொல்ல மாட்டேன். நடந்ததை நீயே போய்ச் சொல்லு."