கசப்பைத் தின்ற ஈக்கள்

காலை 9.40. ஆய்வுக்கூடத்தின் இடது கூண்டில் இரண்டாயிரம் பழ ஈக்கள் செத்துக் கிடந்தன. அவை ஆராய்ச்சி மாணவியின் மூன்று வருட உழைப்பு. வலது கூண்டில் இருந்த துறைத்தலைவரின் ஈக்கள் ஒன்றும் நடக்காததுபோல் பறந்துகொண்டிருந்தன.

10.25. இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளே வந்தபோது, ஈக்களுக்குக் கூழ் காய்ச்சும் சமையல்காரியைப் பார்த்துத் தலைவர் கத்திக்கொண்டிருந்தார்.

"இவ அடுப்படியிலதான் பூச்சி மருந்து பாட்டில் கெடச்சுது. அண்டாவுல கலந்துட்டா. விலங்க மாட்டுங்க மேடம்!"

இன்ஸ்பெக்டருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஏழை ஒருத்தி கிடைத்தால் போதும், எல்லார் விரலும் நீண்டுவிடும். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். குழந்தைகள் குடித்துவிடாமலிருக்கக் கடுங்கசப்பு சேர்த்திருப்பதாக அதில் எழுதியிருந்தது.

"ரெண்டு கூண்டுக்கும் ஒரே கூழா?"

"ஒரே அண்டாதாம்மா," என்றாள் சமையல்காரி. "எட்டு மணிக்கு ஆற வெச்சுட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். வந்து ரெண்டு தட்டுலயும் ஊத்தினேன். இடது பக்கம் வெச்சதும் மொய்ச்சுதுங்க. வலது பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

"என் ஈ பொழச்சது அதிர்ஷ்டம்," என்றார் தலைவர்.

"நேத்து யார் தீனி வெச்சது?"

"இவளுக்கு லீவு. மாணவிய கருத்தரங்குக்கு அனுப்பிட்டேன். சாவி என்கிட்டதான். ரெண்டு கூண்டுக்கும் நானே வயிறு முட்டப் போட்டேன்."

இன்ஸ்பெக்டர் மாணவியிடம் திரும்பினார். "வயிறு நெறஞ்ச ஈ கசப்பத் தின்னுமாம்மா?"

அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "தொடாது மேடம். பட்டினி கெடந்தாதான் தின்னும். பசி வந்தா மூளையில ரசாயனம் மாறும். இனிப்பு தூக்கலாத் தெரியும், கசப்பு மங்கிடும். அதப் பத்தி சார் எழுதினதுல பாதி தப்புன்னு என் ஈ காட்டுச்சு. அடுத்த வாரம் வெளியிடறதா இருந்தேன்."

"கேட்டீங்களா சார்? இடது கூண்டுக்கு நேத்து பூரா பட்டினி. அதான் விஷத்த மொய்ச்சுது. உங்க ஈக்கு வயிறு நெறஞ்சிருந்துச்சு, ஒதுங்கிடுச்சு. சாவி உங்க கையில. கணக்கா இப்படிக் கொல்ல உங்களுக்குத்தான் தெரியும். கூழ் ஆறின நேரத்துல கலந்துட்டு, பாட்டில அடுப்படியில வெச்சுட்டீங்க."

தலைவர் முகம் வெளிறியது. "வெறும் ஈதானே மேடம்..."

"வாய மூடுங்க! ஒரு பொண்ணோட மூணு வருஷம். இந்தம்மாவோட பொழப்பு."

விலங்கு தலைவர் கையில் ஏறியது. சமையல்காரி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பன்னெண்டு வருஷமா உங்களுக்கு டீயும் நான்தான் போட்டேன். ஒரு நாளாவது கசந்துச்சா சார்?"