கவிழ்ந்த குவியல்

துருவியின் அப்பா தொல்லியல் ஆய்வாளர். மண்ணைத் தோண்டி, பழங்காலத்து மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. எதையும் துருவித் துருவிக் கேட்கிறாள் என்று மகளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவரும் அவர்தான்.

இன்று அவள் பள்ளியில் அவர் பேச வேண்டும். இன்னும் அரைமணி நேரம்தான் இருக்கிறது. பேச்சை எழுதி வைத்த தாளைக் காணோம்!

போன வருடம் தாள் இல்லாமல் மேடையேறி, மூன்று முறை வணக்கம் சொல்லிவிட்டு இறங்கியவர் அவர். அதற்கே வகுப்பில் துருவியை ஒரு மாதம் ‘வணக்கம்’ என்று கூப்பிட்டார்கள். மறுபடியுமா?

அப்பாவின் மேசையில் செய்தித்தாள்களும் கடிதங்களும் அவள் தலை உயரத்துக்குக் குவிந்திருந்தன.

“செவ்வாய்க்கிழமைதானே எழுதினேன்? மேலதான் இருக்கணும்!” என்று அப்பா தாள்களை அள்ளி வீசினார். ஒன்று பறந்து போய் மின்விசிறியில் உட்கார்ந்துகொண்டது.

“நிறுத்துங்கப்பா! அந்தக் காலத்துல தோண்டினவங்க தங்கம் கிடைச்சா போதும்னு, உடைஞ்ச பானை ஓடுகளையெல்லாம் தூக்கி எறிஞ்சாங்கன்னு திட்டுவீங்களே. இப்ப நீங்க மட்டும் என்ன பண்றீங்க?”

அப்பாவின் கை அப்படியே நின்றது.

“அப்புறம்தானே அடுக்கு அடுக்கா, பொறுமையா பார்க்கக் கத்துக்கிட்டாங்க?”

“ஆமா. மேல் அடுக்கு புதுசு, கீழ் அடுக்கு பழசு” என்று அசடு வழிந்தார் அப்பா.

துருவி தரையில் கிடந்த செய்தித்தாள்களின் தேதியைப் பார்த்தாள். அப்பா முதலில் வீசியது போன வருடத்தது. அடுத்து வீசியது போன மாதத்தது!

“இங்க மேல இருக்கிறதுதான் பழசு! மேசை வேற பளபளன்னு இருக்கு. காலையில துடைச்சது யாரு?”

“நான்தான்!” என்று பெருமையாக வந்து நின்றார் சித்தப்பா. “குவியலை அப்படியே அந்த ஓரத்துல கவிழ்த்துட்டுத் துடைச்சேன். எப்படி மின்னுது பாரு!”

“அடப்பாவி! ஒரு வருஷச் சரித்திரத்தையே கவிழ்த்துட்டியேடா!” என்று தலையில் கை வைத்தார் அப்பா.

“சித்தப்பா, குவியலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. தயவுசெஞ்சு கவிழ்த்துடாதீங்க!”

அடியில் வெள்ளிக்கிழமை, அதாவது இன்றைய செய்தித்தாள். அதன் மேல் வியாழன். அதன் மேல் புதன். புதனுக்கும் செவ்வாய்க்கும் நடுவில், காபிக் கறையோடு அப்பாவின் பேச்சு!

துருவி முதல் வரியை உரக்கப் படித்தாள்: “தோண்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.”

சித்தப்பா சிரித்த சிரிப்பில் குவியல் இன்னொரு முறை சரிந்தது.

பள்ளியில் அப்பா ஒரே ஒரு வணக்கம்தான் சொன்னார். பேச்சின் கடைசியில், தாளில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார்:

“மேல இருக்கிறதுதான் புதுசுன்னு முடிவு கட்டாதீங்க. முதல்ல, சித்தப்பா வந்துட்டுப் போனாரான்னு விசாரிங்க!”