பாட்டு முடிந்தால் கையை எடுத்துவிடுவேன்

வாயை இறுக மூடிக்கொண்டால் பல்வலி போய்விடாது. கடுகு அதையும் செய்து பார்த்துவிட்டாள். கடைசியில் அப்பாவுக்குத் தெரிந்துபோய், இதோ இருவரும் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். அதனால்தான் கடுகு என்ற பெயர். சிறியவள் என்றாலும் காரத்துக்குக் குறைவில்லை. ஆனால் இன்று அந்தக் காரமெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டிருந்தது.

உள்ளறையில் யாரோ ஒரு பெரியவருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மூடிய கதவையும் தாண்டி அந்த மெஷினின் சத்தம் வந்தது. கொசு ஒன்று காதுக்குள் புகுந்து, அங்கேயே வளர்ந்து பெரிதானால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சத்தம்.

"அப்பா, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"எனக்கென்ன பயம்? பல்லு உன்னோடதுதானே" என்றார் அப்பா. ஆனால் அவரும் தன் தாடையைத் தடவிக்கொண்டதைக் கடுகு கவனித்தாள்.

ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. இந்த டாக்டர் பிள்ளைகளுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். பல்லைக் காட்ட வரும் பிள்ளை, பிடித்த பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அது ஒலிக்கும் வரைதான் டாக்டர் வாய்க்குள் வேலை செய்வார். "பாட்டு முடிஞ்சா கையை எடுத்துடுவேன்" என்பார். வேலை பாதியில் நின்றாலும் எடுத்துவிடுவார். பிறகு, சரி என்று பிள்ளை சொன்னால்தான் அடுத்த பாட்டு, அடுத்த வேலை. பாட்டு இல்லையென்றால் பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லவே மாட்டார்.

கடுகு வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தாள். தவளைப் பாட்டு. இருப்பதிலேயே அதுதான் ரொம்பச் சின்னது. தவளை குளத்தில் குதிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

ஆனால் இன்று அந்த அறையில் பாட்டே இல்லை.

வரவேற்பு மேசையில் இருந்த அக்கா புதிய கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பழைய கணினி நேற்றோடு ஓய்ந்துவிட்டது. கடைக்காரர் வந்து புதியதை வைத்து, பாட்டுகளையும் பாட்டை அனுப்பும் மென்பொருளையும் அதில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மேசையிலிருந்து பாட்டைத் தொட்டால், வயர் இல்லாமலே அது ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர வேண்டும். நேற்றுவரை போய்ச் சேர்ந்தது. இன்று கணினி வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இருந்தது.

அக்கா சோதிப்பதற்காகக் கடுகின் தவளைப் பாட்டையே திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி போட்டுப் பார்த்தார். மென்பொருளை மூடித் திறந்தார். ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். ஒலியின் அளவைக் கடைசி வரை ஏற்றினார். கடைக்காரருக்குப் போன் செய்தபோது, ஒரு பாட்டுகூட விடாமல் ஏற்றியிருப்பதாக அவர் சத்தியம் செய்தார். அது உண்மைதான். பாட்டின் பெயர் திரையில் இருந்தது. கீழே ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டும் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

எதிர் நாற்காலியில் ஒரு சின்னப் பையன் இருந்தான். ஒரு கன்னம் பந்துபோல் வீங்கியிருந்தது. அவனுடைய அம்மா என்ன சொன்னாலும் அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"பாட்டு இல்லாம உள்ள போகமாட்டேன். எப்ப முடியும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

கடுகு அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அதே பயம்தான். வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எப்போது முடியும் என்று தெரியாமல் வாயைத் திறந்துகொண்டு கிடப்பதைத்தான் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பயம் வந்தால் கடுகுக்குக் கழிப்பறை ஞாபகமும் கூடவே வந்துவிடும். அப்பாவிடம் சொல்லிவிட்டு நடையில் இறங்கினாள்.

அது நீளமான நடை. ஜன்னல் கிடையாது. விளக்கு ஒன்று அணைவதும் எரிவதுமாக இருந்தது. பாதி வழியில் ஒரு தடித்த கதவு. பல்லை எக்ஸ்ரே எடுக்கும் அறை அது. கதவின் மேல் சிவப்பு விளக்கு. உள்ளே யாரும் இல்லை என்று சற்று முன்புதான் அக்கா சொல்லியிருந்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது.

கடுகு அப்படியே நின்றாள். முதுகில் எறும்பு ஊர்ந்தது. மறுபடியும் முனகல். ஏறியது, இறங்கியது, ஏறியது. யாரையோ உள்ளே உட்காரவைத்துவிட்டு மறந்துவிட்டார்களா? எத்தனை நேரமாக அழுகிறார்களோ?

ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. ஆனால் உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருந்தால்? உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். கதவு அதிர்ந்தது. டப், டப், டபடப்.

அழுகைக்குத் தாளம் இருக்குமா என்ன?

காதை ஒட்டவைத்துக் கேட்டாள். அந்தத் தடித்த மரத்துக்கு அப்பால், முழுச் சத்தத்தில், தவளை குளத்தில் குதித்துக்கொண்டிருந்தது.

பயம் போய்ச் சிரிப்பு வந்தது. பாட்டு எங்கும் போய்விடவில்லை. தப்பான அறைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். பிள்ளைகள் எக்ஸ்ரேக்கும் பயப்படுவார்களே, அதனால் அங்கேயும் ஒரு ஸ்பீக்கர் இருந்திருக்கிறது.

கடுகு கழிப்பறைக்குப் போக வந்ததையே மறந்து திரும்பினாள். காத்திருப்பு அறையில், பெரியவரை அனுப்பிவிட்டு டாக்டரே வெளியே வந்து நின்றிருந்தார். பாட்டு இல்லாமல் பிள்ளைகளைத் தொடமாட்டேன் என்று சொன்ன சொல்லை மாற்ற முடியாது, அதனால் கடுகு வேறொரு நாள் வரட்டும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்துவிட்டார்.

கடுகின் நெஞ்சுக்குள் மணி அடித்தது. வீட்டுக்குப் போகலாம். பாட்டைப் பற்றி அவள் வாயைத் திறக்காவிட்டால் போதும்; இன்றைக்குப் பல்லுக்கும் வாயைத் திறக்க வேண்டாம்.

டாக்டர் பையனின் பக்கம் திரும்பினார். "இவனை மட்டும் அனுப்ப மனசு வரலை. இந்த வீக்கம் காத்திருக்காது."

பையன் நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டான். வீங்கிய கன்னத்தை நாற்காலியின் குளிர்ந்த இரும்புக் காலில் வைத்து அழுத்தினான். சத்தம் போட்டு அழவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

கடுகு அப்பாவின் கையைப் பிடித்து வாசல் வரை நடந்தாள். வாசலில் அவள் கால் நின்றுவிட்டது.

"என்னம்மா?" என்றார் அப்பா.

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளுக்குள் பெரிய சண்டையே நடந்து முடிந்தது.

"அக்கா, பாட்டு பாடிக்கிட்டுதான் இருக்கு. எக்ஸ்ரே ரூம்ல."

அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். தவளைப் பாட்டு நடை முழுக்கப் பாய்ந்து வந்தது. அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

ஒலியைக் குறைத்தபின் கடுகு திரையைப் பார்த்தாள். ஓரத்தில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் படம். அதைத் தொட்டதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் வந்தன. மூன்றில் குறி இருந்தது. பழைய கணினியில் இந்த இடத்தில் அறைகளின் பெயர்கள் இருந்ததாக அக்கா சொன்னார். பாட்டுகள் எல்லாம் புதிய கணினிக்கு வந்துவிட்டன. எந்த ஸ்பீக்கர் எந்த அறையில் என்ற நினைவு மட்டும் வரவில்லை. வீடு மாறும்போது சாமான்களை எல்லாம் ஏற்றிவிட்டு, எந்தப் பெட்டி எந்த அறைக்கு என்று எழுத மறந்த கதைதான்.

மீதி இரண்டில் சிகிச்சை அறை எது? அக்கா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவதாக எழுந்தார். கடுகு அவரைத் தடுத்துவிட்டு, நாற்காலிக்கு முன்னால் குனிந்தாள்.

"தம்பி, எனக்கு ஒரு ஆள் வேணும். நான் இங்க மாத்தி மாத்திப் போடுவேன். நீ உள்ள நின்னு பாட்டு வருதான்னு சொல்லணும்."

பையன் ஒரு கண்ணைத் திறந்தான். "வெறும் கேக்குறது மட்டும்தானே?"

"கேக்குறது மட்டும்தான். டாக்டர் உன்னைத் தொடமாட்டாங்க."

டாக்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பையன் ஊர்ந்து வெளியே வந்தான். உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டி நின்றான். கடுகு ஒன்றைத் தொட்டாள். காத்திருப்பு அறையில் தவளை கத்தியது. இரண்டைத் தொட்டாள்.

"வருது" என்றான் பையன். சற்றுப் பொறுத்து, "கொஞ்சமாத்தான் கேக்குது" என்றான்.

"நாற்காலிகிட்ட போய் நின்னு பாரு."

"இப்ப நல்லா கேக்குது."

"படுத்துக்கிட்டுக் கேட்டா?"

உள்ளே நாற்காலியின் தோல் உறை கிறீச்சிட்டது. "சூப்பரா கேக்குது" என்று குரல் வந்தது. தொடர்ந்து அதே குரல், ரயில் பாட்டு இருக்கிறதா என்று கேட்டது.

வரிசைப்படி கடுகின் முறைதான் முதலில் என்று அக்கா நினைவுபடுத்தினார். அவனே முதலில் போகட்டும் என்றாள் கடுகு. எவ்வளவு நல்ல மனசு என்று பையனின் அம்மா அவள் தலையைத் தடவினார். கடுகு தரையைப் பார்த்தாள். அதில் பாதிதான் நல்ல மனசு, மீதிப் பாதி பயம் என்பது அவளுக்குத்தானே தெரியும்.

ரயில் பாட்டு ஓடி முடிந்தது. மெஷின் உடனே நின்றது. இன்னொரு முறை ரயில் ஓடியது. பையன் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தான். முகத்தில் அழுத தடம் இருந்தது. ஆனால் அவன் கன்னம் இனி இரும்புக்காலைத் தேடவில்லை. அக்காவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, திரையில் அந்த எண்களுக்குப் பதிலாக அறைகளின் பெயரை அவர் எழுதுவதை வேடிக்கை பார்த்தான்.

"கடுகு" என்று உள்ளிருந்து அழைப்பு வந்தது.

நாற்காலி சாய்ந்தது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. தவளைப் பாட்டு தொடங்கியது. ஊசி எறும்புபோல் கடித்தது. கன்னம் மெத்தையாக மரத்துப்போனது. மெஷின் பல்லில் பட்டபோது தலைக்குள் எல்லாம் அதிர்ந்தது. கடுகு நாற்காலியின் கையை இறுகப் பற்றி, தவளையோடு சேர்ந்து மனத்துக்குள் தாவினாள். தவளை குளத்தில் குதித்தது. பாட்டு முடிந்தது.

டாக்டர் கையை எடுத்துவிட்டார்.

"சொன்ன சொல் சொன்னதுதான். இன்னும் கொஞ்சம் இருக்கு. தொடரட்டுமா, இல்ல இன்னைக்கு இவ்வளவு போதுமா?"

கடுகால் பேச முடியவில்லை. அவள் கூரையைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"அடுத்த பாட்டு" என்று டாக்டர் வெளியே குரல் கொடுத்தார்.

"இவன்தான் எடுக்கணுமாம் டாக்டர்" என்றார் அக்கா. "அந்த அக்காவுக்குப் பயமில்லாம இருக்கணுமாம். நல்லதா தேடுறான்."

பையன் தேடினான். தேடித் தேடி, அந்தக் கணினியில் இருந்ததிலேயே மிக நீளமான பாட்டைப் போட்டான்.